பாஷில் பழைய கமாண்டைத் தேடினால் கிடைக்கவில்லையா?

டெர்மினலில் நாம் அடிக்கும் கமாண்டுகளை ஓட்டும் ஷெல்தான் பாஷ். அதன் அமைப்பு ஃபைலான .பாஷ்ஆர்சியில், எத்தனை பழைய கமாண்டுகளை நினைவில் வைக்க வேண்டும் என்று சொல்லும் ஹிஸ்ட்சைஸை ஒரு லட்சம் ஆக்கிவிட்டு நிம்மதியாக இருந்தவன் நான். இரண்டு மாதம் கழித்து, அரை நாள் மண்டையை உடைத்து எழுதிய ஓர் ஆர்சிங்க் (ஃபைல்களை நகலெடுப்பது) கமாண்ட் மறுபடி தேவைப்பட்டது, கண்ட்ரோல்-ஆர் போட்டுத் தேடினால் ஆளையே காணோம். சரி, அடித்த கமாண்டுகள் சேமிக்கப்படும் ஹிஸ்டரி ஃபைலில் எத்தனை வரி இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தேன். சரியாக 2000. ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

இப்படி முழு எண்ணாக வந்தால் எங்கோ ஒரு வரம்பு வெட்டுகிறது என்று அர்த்தம். உபுண்டு லினக்ஸின் .பாஷ்ஆர்சியிலேயே ஹிஸ்ட்சைஸ்=1000, ஹிஸ்ட்ஃபைல்சைஸ்=2000 என்று இரண்டு வரி ஏற்கெனவே இருக்கும். நான் என் வரியை ஃபைலின் உச்சியில் போட்டிருந்தேன், கீழே இருந்த பழைய வரி அதை அழித்துவிட்டது. ஷெல்லுக்கு யார் கடைசியாகச் சொல்கிறார்களோ அவர் பேச்சுதான்.

அதனால் ஃபைலில் என்ன எழுதியிருக்கிறோம் என்பதை நம்பாதீர்கள். புது டெர்மினல் திறந்து எக்கோ போட்டு இரண்டின் மதிப்பையும் பாருங்கள். நீங்கள் வைத்தது வரவில்லை என்றால் .பாஷ்ஆர்சி, .பாஷ்_ப்ரொஃபைல், .ப்ரொஃபைல் மூன்றிலும் ‘ஹிஸ்ட்’ என்று கிரெப் கமாண்டால் தேடுங்கள், குற்றவாளி மாட்டுவான். இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்: ஹிஸ்ட்சைஸ் மெமரியில் எத்தனை என்பது, ஹிஸ்ட்ஃபைல்சைஸ் ஃபைலில் எத்தனை என்பது. பாஷ் 4.3-இலிருந்து -1 கொடுத்தால் வரம்பே கிடையாது.

எல்லாம் சரியாக வைத்தும் திடீரென்று 500 வரியாகச் சுருங்கினால், .பாஷ்ஆர்சியைப் படிக்காத ஏதோ ஒரு பாஷ் ஓடியிருக்கிறது. அதற்கு உங்கள் அமைப்பு தெரியாது, தன் இயல்பான 500-க்கு வெட்டிவிட்டுப் போய்விடும். இதற்கு நான் கண்ட ஒரே நிம்மதியான வழி, .பாஷ்ஆர்சிக்குள், ஹிஸ்டரி ஃபைல் எது என்று சொல்லும் ஹிஸ்ட்ஃபைலுக்கு வேறு பெயர் கொடுப்பது. வேண்டுமானால் பழைய ஃபைலை அது வெட்டிக்கொள்ளட்டும்.

ஒரு டெர்மினலில் அடித்தது இன்னொன்றில் வரவில்லை என்பது கோளாறே அல்ல. பாஷ் மெமரியில் வைத்திருந்து மூடும்போதுதான் ஃபைலில் எழுதும், நடுவில் கில் -9 (ஷெல்லை அந்த நொடியே கொல்லும் கமாண்ட்) விழுந்தால் அன்றைய உழைப்பு அவ்வளவுதான். பழையதை அழிக்காமல் ஃபைலின் கடைசியில் சேர்க்கும் ஹிஸ்ட்அப்பெண்டை ஆன் செய்து, ஒவ்வொரு ப்ராம்ப்ட்டுக்கும் முன் ஓடும் ப்ராம்ப்ட்_கமாண்டில் ‘ஹிஸ்டரி -ஏ’ போட்டுவிட்டால் ஒவ்வொரு கமாண்டும் அப்போதைக்கப்போது பதிவாகும். கூடவே ‘ஹிஸ்டரி -என்’ போட்டு எல்லா ஜன்னலையும் கலந்துவிடச் சொல்பவர்கள் உண்டு, எனக்குப் பிடிக்காது, மேல் அம்புக்குறியை அழுத்தினால் பக்கத்து ஜன்னலின் ஆர்எம் (ஃபைலை அழிக்கும் கமாண்ட்) வந்து நிற்கும்.

கமாண்ட் அடித்த நேரத்தையும் காட்டும் ஹிஸ்ட்டைம்ஃபார்மட் வைத்த பிறகு பழைய கமாண்டுகள் எல்லாவற்றுக்கும் ஒரே நேரம் காட்டினால் பதற வேண்டாம், அவை நேரம் இல்லாமல் சேமிக்கப்பட்டவை.

மேக்கில் 2019-இன் கேட்டலினாவிலிருந்து இயல்பான ஷெல் இசட்-ஷெல், அங்கே ஹிஸ்ட்ஃபைல்சைஸை என்ன செய்தாலும் அசையாது, அதற்கு இணையான சேவ்ஹிஸ்ட்டைத்தான் மாற்ற வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு ஒரு வரிகூடச் சேரவில்லையா? எல்எஸ் -எல் போட்டு ஃபைலின் சொந்தக்காரர் யார் என்று பாருங்கள். எப்போதோ சூடோ போட்டதில் ரூட் என்ற நிர்வாகியின் பெயருக்கு மாறியிருந்தால் உங்களால் அதில் எழுதவே முடியாது, சௌன் போட்டு உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.