செய்த நல்லதே சாக்காகும்போது: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டு வேலைக்கு வரும் அக்கா சம்பளம் கூட்டிக் கேட்டபோது, என் மனதில் முதலில் வந்து நின்றது தீபாவளிக்கு எடுத்துக் கொடுத்த புடவை. ‘அதான் செய்தோமே’ என்ற நினைப்பு. புடவை நல்ல மனதோடு கொடுத்ததுதான். அதைக் காட்டியே அவருக்குச் சேர வேண்டியதைத் தள்ளிப்போடப் பார்த்தேன். உளவியலில் இதைத் ‘தார்மீக உரிமம்’ என்கிறார்கள்.

புண்ணியத்தை வங்கி இருப்புபோல எண்ணுவதுதான் முதல் தவறு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில், தண்ணீரைச் சிக்கனப்படுத்தச் சொல்லி வாராவாரம் அவரவர் செலவைக் காட்டினார்கள். அப்படிக் காட்டாத வீடுகளோடு ஒப்பிட்டால் தண்ணீர்ச் செலவு 6 சதவீதம் குறைந்தது. மின்சாரச் செலவு 5.6 சதவீதம் கூடிவிட்டது. 2013-ல் வெளியான ஆய்வு இது.

பணம், தண்ணீரைவிடப் பேச்சில்தான் இது அதிகம் புண்படுத்துகிறது. ‘நான் சாதியெல்லாம் பார்க்க மாட்டேன், எல்லாரும் எனக்கு ஃப்ரெண்ட்ஸ்தான், ஆனா...’ அந்த ‘ஆனா’வுக்குப் பின்னால் வாடகை வீடு மறுக்கப்படுகிறது, கல்யாணம் தடுக்கப்படுகிறது. மோனின், மில்லர் என்ற இரு உளவியலாளர்கள் 2001-ல் காட்டியதும் இதைத்தான். பெண்களை மட்டம்தட்டும் வாக்கியங்களை மறுத்துப் பேச வாய்ப்புக் கிடைத்தவர்கள், அடுத்த கேள்வியில் ‘இந்த வேலைக்கு ஆண்தான் சரி’ என்று சொல்லக் கூடுதலாகத் துணிந்தார்கள். நல்லவர் என்ற சான்றிதழ் கைக்கு வந்ததும் காவல் தளர்ந்துவிடுகிறது.

அதற்காக, நல்லது செய்தால் கெட்டுப்போவோம் என்று பயப்படுவதும் தவறு. 91 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2015-ன் தொகுப்பில் இந்த விளைவு தெரிந்தது, ஆனால் பெரிதாக இல்லை. நேர்மாறாகவும் நடக்கும். 1966-ல் வெளியான ஒரு கலிபோர்னிய ஆய்வில், வீட்டு முற்றத்தில் சாலைப் பாதுகாப்புக்கான பெரிய பலகை வைக்கக் கேட்டபோது சுமார் 17 சதவீதம் பேரே சம்மதித்தார்கள். முன்பே அதே விஷயத்துக்கு ஒரு சின்ன அட்டை வைக்கச் சம்மதித்திருந்தவர்களிடம் கேட்டபோது அது 76 சதவீதமானது.

‘எவ்வளவு செய்துவிட்டேன்’ என்று எண்ணும்போது மனசு ஓய்வு கேட்கிறது; ‘எதற்காகச் செய்தேன்’ என்று நினைத்தால் அடுத்த அடியை வைக்கிறது. அக்காவுக்குப் புடவை எடுத்தது ஏன்? அவர் உழைப்பை மதித்ததால். அப்படி யோசித்த மாதமே சம்பளத்தைக் கூட்டினோம். புடவைப் பேச்சை எடுக்கவில்லை.