பிரசவத்துக்குள் விசா வராது என்று தெரிந்தபோது

மனைவிக்கு மூன்றாம் மாதம். நான் அமெரிக்கக் குடிமகன், அவள் வெளிநாட்டில். ‘சுற்றுலா விசாவில் கூட்டி வந்துவிடலாம்’ என்று நினைத்தது என் முதல் தப்பு. பிள்ளைக்குக் குடியுரிமை வாங்க இங்கே வந்து பிரசவிப்பதுதான் முக்கிய நோக்கம் என்று பட்டால் பி விசாவை (சுற்றுலா விசா இந்த வகைதான்) மறுக்க வேண்டும் என 2020-லேயே விதி வந்துவிட்டது. மறுத்தார்கள்.

அவளை நிரந்தரமாகக் கூட்டி வர, குடும்பத்தினருக்கான ஐ-130 மனு போட்டேன். குடிமகனின் மனைவி என்பதால் விசாவுக்கு வருடாந்திர எண்ணிக்கை வரம்பு கிடையாது. ஆனாலும் பிரசவத்துக்குள் முடியாது என்று புரிந்தது. சரி, குழந்தை அங்கேயே பிறந்தால் என்ன?

தம்பதியில் ஒருவர் மட்டும் குடிமகன் என்றால், வெளிநாட்டில் பிறக்கும் குழந்தைக்குப் பிறப்பிலேயே குடியுரிமை கிடைக்க, குழந்தை பிறக்கும் முன் அவர் அமெரிக்காவில் மொத்தம் 5 ஆண்டு இருந்திருக்க வேண்டும். அதில் 2 ஆண்டாவது 14 வயதுக்குப் பிறகு. என் பாஸ்போர்ட் மட்டும் போதாது. பழைய அட்டைப்பெட்டியைக் கிளறி பள்ளிச் சான்றுகள், டபிள்யூ-2 (வருடச் சம்பள, வரிப் படிவம்), வாடகை ஒப்பந்தம் எல்லாம் எடுத்தேன். ஒரு ரிப்போர்ட் கார்டில் காபிக் கறை, அதையும் வாங்கிக்கொண்டார்கள். பிறப்புப் பதிவும் பாஸ்போர்ட்டும் தூதரகம் வழியாகவே கிடைத்தன. மகளுக்குத் தனி மனுவே தேவைப்படவில்லை.

மனைவியின் விசாவுக்கான மருத்துவப் பரிசோதனையைப் பிரசவத்துக்குப் பின் வைத்துக்கொண்டோம். அதில் கேட்கும் எம்எம்ஆர் (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா) தடுப்பூசியைக் கர்ப்பத்தில் போடமாட்டார்கள். அவள் வந்து இறங்கியபோது கல்யாணமாகி 2 ஆண்டு தாண்டியிருந்ததால் நேராக 10 வருட கிரீன் கார்டு.