டைம்அவுட் விட்டுப்போன இடங்களைப் பிடிக்க ஒரு குட்டி பைத்தான் ஸ்கிரிப்ட்

இணைய முகவரிகளிலிருந்து தகவல் வாங்கித்தரும் ரிக்வெஸ்ட்ஸ் லைப்ரரியில் டைம்அவுட் (எவ்வளவு நேரம் காத்திருப்பது என்ற வரம்பு) கொடுக்காவிட்டால், சர்வர் பதில் தரும்வரை புரோகிராம் காத்துக்கொண்டே கிடக்கும். எரரும் வராது. அப்படி விட்டுப்போன இடங்களை புராஜெக்ட் முழுக்கத் தேடித்தர ஒரு ஸ்கிரிப்ட் எழுதுவோம்.

வரிவரியாகத் தேடித்தரும் கிரெப் போதாதா? போதாது. ஒரே ஃபங்ஷன் கால் நாலு வரிக்கு நீண்டிருக்கும், டைம்அவுட் கடைசி வரியில் இருக்கும். கிரெப்புக்கு அது தெரியாது. கோடை ஒரு மரம்போலப் பிரித்துக்காட்டும், பைத்தானோடு வரும் ஏஎஸ்டி மாட்யூலுக்குத் தெரியும்.

முதலில் பாத்லிப்பின் ஆர்குளோபை வைத்து பைத்தான் கோப்புகளை எடுங்கள். வெளியிலிருந்து நிறுவிய லைப்ரரிகள் இருக்கும் வெர்ச்சுவல் என்விரான்மென்ட் ஃபோல்டரை விலக்கிவிடுங்கள். இல்லையென்றால் ஊரார் கோடின் குறையெல்லாம் உங்கள் திரையில் கொட்டும். கோப்பை ரீட்_பைட்ஸால் படித்து ஏஎஸ்டி.பார்ஸிடம் கொடுங்கள். ரீட்_டெக்ஸ்ட் வேண்டாம். வழக்கமான ஆங்கில விண்டோஸில் இயல்பான என்கோடிங் யுடிஎஃப்-8 அல்ல. கோடுக்குள் தமிழில் புள்ளி வைத்த ஒரு எழுத்து இருந்தாலே ஸ்கிரிப்ட் நின்றுவிடும்.

அப்புறம், மரத்தை ஒவ்வொரு கணுவாகப் பார்த்துப்போகும் ஏஎஸ்டியின் நோட்விசிட்டரிலிருந்து ஒரு கிளாஸ், அதில் விசிட்_கால் என்ற மெத்தட். கூப்பிடப்படுவது ரிக்வெஸ்ட்ஸ்.கெட் அல்லது போஸ்ட்தானா என்று பாருங்கள். டைம்அவுட்டைப் பெயர் சொல்லித்தான் கொடுக்க முடியும் என்பதால் கீவேர்ட்ஸ் பட்டியலில் தேடினால் போதும். இல்லையென்றால் கோப்பின் பெயரையும் லைன்நோவையும் (வரி எண்) பிரின்ட் செய்யுங்கள்.

சிக்கல் இங்கேதான். ரிக்வெஸ்ட்ஸ்.கெட்(முகவரி).ஜேசன்() என்ற வரியை எடுத்துக்கொள்ளுங்கள். மரத்தில் மேலே இருப்பது ஜேசன் கால். கெட் அதற்குள் ஒளிந்திருக்கிறது. ஆகவே ஃபங்க்.வேல்யூ.ஐடி என்று நேராகக் கேட்டால் அட்ரிபியூட்எரர், ஏனென்றால் அங்கே வேல்யூ என்பது நேம் அல்ல, இன்னொரு கால். முதலில் இஸ்இன்ஸ்டன்ஸ் வைத்துச் சோதியுங்கள். மெத்தடின் கடைசி வரியில் ஜெனரிக்_விசிட்டையும் கூப்பிட வேண்டும். அதை விட்டால் உள்ளே இருக்கும் கெட்டை ஸ்கிரிப்ட் எட்டிக்கூடப் பார்க்காது, "எல்லாம் சரி" என்று பொய் சொல்லும். மரம் எப்படி இருக்கிறது என்று குழப்பமானால் ஏஎஸ்டி.டம்ப்பை இன்டென்ட்=4 என்று கொடுத்துப் பாருங்கள் (பைத்தான் 3.9 முதல்).

கோடில் குறை கண்டுபிடிக்கும் பைலின்ட்டிலும் இதே விதி உண்டு. ஆனால் நீங்களே எழுதிய ஃபங்ஷன்களை அதன் டைம்அவுட்-மெத்தட்ஸ் அமைப்பில் தனியாகச் சேர்க்க வேண்டும். இந்த ஸ்கிரிப்டில் பெயரை மாற்றினால் முடிந்தது. செம்கிரெப்பும் நல்ல கருவிதான். அதன் விதிகளை எழுதும் யாமல் கோப்போடு மல்லுக்கட்ட எனக்குத்தான் பொறுமை இல்லை.

பின்சேர்க்கை: இரட்டை நட்சத்திரம் போட்டு டிக்ஷனரியை அனுப்பும் கால்களையும் ஸ்கிரிப்ட் குறை சொல்கிறது என்று ஒருவர் கேட்டிருந்தார். அங்கே கீவேர்டின் ஆர்க் மதிப்பு நன் (None) ஆக இருக்கும். அவற்றைத் தனியாக "கையால் பார்க்கவும்" என்று பிரின்ட் செய்யுங்கள். செஷன் ஆப்ஜெக்ட் வழியாகப் போகும் கால்களை இது பிடிக்காது; உங்கள் புராஜெக்டில் செஷனுக்கு வைத்த பெயரையும் சோதனையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.