உப்புக்காற்றில் கண் அறுவைக் கருவிகளைக் காப்பாற்றுவது எப்படி

ராமேஸ்வரத்தில் தொடங்கி மண்டபம், கீழக்கரை, தேவிபட்டினம், தொண்டி என்று கடலோரத்தில் கண் ஆஸ்பத்திரிகளிலும் சின்ன ஆபரேஷன் தியேட்டர்களிலும் கருவி அறையைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பயிற்சியில் சொல்லிக்கொடுத்ததெல்லாம் சரிதான், ஆனால் அது உப்பில்லாத ஊரை மனதில் வைத்துச் சொன்னது. காரைக்குடியில் உள்ள சிக்ரி என்கிற மத்திய மின்வேதியியல் ஆய்வகம் உலோக அரிப்பைச் சோதிக்கவென்றே மண்டபத்தில் ஒரு நிலையம் வைத்திருக்கிறது. 1914-ல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்துக்குத் துருவோடுதான் கடைசிவரை போராட்டம். பாலத்து இரும்பையே அரிக்கிற காற்று, கண் அறுவையில் பிடிக்கிற வானஸ் என்கிற சின்னக் கத்தரியின் முடி மாதிரி மெல்லிய முனையை விட்டுவைக்காது.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துருப்பிடிக்காது என்று நம்பி உட்கார்ந்துவிடக் கூடாது. அதில் கலந்திருக்கும் குரோமியம் மேலே ஒரு மெல்லிய ஆக்சைடு படலமாக நின்று உலோகத்தைக் காக்கிறது. உப்பில் உள்ள குளோரைடு அந்தப் படலத்தை அங்கங்கே துளைத்து ஊசி குத்தினது போலக் குழி போட்டுவிடும். கத்தரி, கத்தி மாதிரி கூர்மை வேண்டிய கருவிகளுக்குக் கடினமான ஸ்டீல் போடுகிறார்கள், அதற்கு இந்த எதிர்ப்பு இன்னும் குறைவு. டைட்டானியம் கருவி பரவாயில்லை, ஆனால் அதன் முனையும் தட்டினால் வளையும்.

அதனால் முதல் விஷயம் தண்ணீர். போர் தண்ணீர் நம் பக்கம் பல இடங்களில் உவர். காவிரி கூட்டுக்குடிநீர் வந்தாலும் அதில் குளோரின் போட்டிருப்பார்கள். ஆர்.ஓ. தண்ணீர் என்றால் கரைந்த உப்பைக் காட்டுகிற டி.டி.எஸ். மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் நம்ப வேண்டும், ஃபில்டர் பழசாகிவிட்டால் அதுவும் உவர் தண்ணீர்தான். கடைசி அலசலுக்கும், நீராவியால் கிருமி நீக்குகிற ஆட்டோக்ளேவில் ஊற்றவும் டிஸ்டில்ட் வாட்டர் மட்டும். கேன் விலை பார்த்து இதில் மிச்சம் பிடிக்கிறவர்களிடம் ஒரு நல்ல ஃபோர்செப்ஸ் (நுண் இடுக்கி) என்ன விலை என்று கேளுங்கள்.

ஆபரேஷன் முடிந்த கையோடு கருவியைச் சலைனில் ஊறப்போடும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. தயவுசெய்து நிறுத்துங்கள், சலைன் என்பதே உப்புத் தண்ணீர். கண்ணில் விடுகிற பி.எஸ்.எஸ். கரைசலிலும் குளோரைடு உண்டு, எனவே அது காய்வதற்குள் அலசிவிட வேண்டும். ப்ளீச்சிங் கரைசல் பக்கமே போகக் கூடாது. ஆபரேஷனில் கண்ணுக்குள் செலுத்துகிற விஸ்கோ ஜெல் காய்ந்தால் கேனுலா என்கிற மெல்லிய குழாயின் துளைக்குள் கெட்டியாக ஒட்டிக்கொள்ளும், அப்புறம் எந்த ஊசியை விட்டுக் குத்தினாலும் முழுதாக வராது. ஆகவே டேபிளில் இருந்து எடுத்த உடனே சிரிஞ்சால் டிஸ்டில்ட் வாட்டரைப் பாய்ச்சி, பின் காற்றையும் பாய்ச்சி உள்ளே ஈரமில்லாமல் செய்யுங்கள். கண்புரையை உடைத்து உறிஞ்சுகிற ஃபேகோ ஹேண்ட்பீஸுக்கும் இதுதான், எவ்வளவு தண்ணீர் விட வேண்டும் என்பதை அந்தக் கம்பெனி மேனுவலில் பாருங்கள்.

கருவி கழுவ என்சைம் திரவம் போட்டால் நன்றாக அலச வேண்டும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். துளைக்குள் தங்கிய சோப்பு மிச்சம் அடுத்த நோயாளியின் கண்ணுக்குள் போனால் டாஸ் என்கிற கடுமையான அழற்சி வரலாம். கிருமியே இல்லாமல் வருவது அது, ஆட்டோக்ளேவ் அதைத் தடுக்காது. ஒலி அதிர்வால் கருவியைச் சுத்தம் செய்கிற அல்ட்ராசோனிக் தொட்டியின் தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள், அழுக்குத் தெரிந்தால் அதற்கு முன்பே. டைமண்ட் கத்தியை அதில் போடவே கூடாது, டைட்டானியத்தையும் ஸ்டீலையும் சேர்த்தும் போடாதீர்கள். துருப்பிடித்த ஒன்றை மற்றவற்றோடு வைத்தால் அதன் துரு பக்கத்துக் கருவியிலும் ஏறும். கருவியில் பழுப்பாக ஏதாவது தெரிந்தால் பென்சில் ரப்பரால் தேய்த்துப் பாருங்கள்: போய்விட்டால் வெறும் கறை, அடியில் குழி தெரிந்தால் துரு, அதைத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள்.

காய வைக்கிற இடத்தில்தான் நம் ஊரில் அதிகம் கோட்டை விடுகிறோம். ஜன்னலைத் திறந்து காற்றில் காய வைத்தால் உப்பையும் சேர்த்துக் காய வைக்கிறீர்கள், கச்சான் காற்று மணலை வாரி அடிக்கிற ஆடியில் கேட்கவே வேண்டாம். பஞ்சு பிரியாத துணியால் ஒற்றி எடுத்து, மூடிய அறையில் வைத்து, ஃபில்டர் வழியாக வரும் காற்றை அடித்துக் காய வையுங்கள். ட்ரேயைச் சுற்றுகிற துணியையும் மொட்டை மாடியில் கடல் பார்த்துக் காயப்போடாதீர்கள், ஏனென்றால் துணியில் படிந்த உப்பு நீராவியோடு கருவிக்கே போய்ச் சேரும்.

கிருமி நீக்கத்துக்கு நுண்கருவிகளை விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும் சிலிகோன் பாய் போட்ட ட்ரேயில், ஒன்றை ஒன்று தொடாமல் அடுக்க வேண்டும். லாக் உள்ளவற்றைத் திறந்தே வையுங்கள், பூட்டிய நிலையில் சூடேறினால் மூட்டில் வெடிப்பு விடும். முனைக்கு ட்ரிப் டியூபை வெட்டி மாட்டுகிறார்கள், அந்த பிளாஸ்டிக் சூட்டில் இளகும், நீராவியும் உள்ளே போகாது. ஆட்டோக்ளேவுக்கென்றே நீராவி போகிற மாதிரி செய்த சிலிகோன் முனை உறையைத்தான் மாட்ட வேண்டும். மூட்டு இறுகினால் தையல் மெஷின் எண்ணெய் விடுவதும் தப்பு, எண்ணெய்க்கு அடியில் நீராவி படாது. துணி சுற்றிய ட்ரேக்குச் சாதாரண ஆட்டோக்ளேவில் 15 பவுண்டு அழுத்தம், 121 டிகிரி, 30 நிமிடம், அப்புறம் உலர்த்தும் நேரம் தனி. நடுவில் கரண்ட் போனால் விட்ட இடத்தில் இருந்து தொடராமல் முதலில் இருந்து ஓட்டுங்கள். பொதிமேல் ஒட்டுகிற டேப் நிறம் மாறியது பொதி சூடானதற்குத்தான் அடையாளம், உள்ளேயும் ஓர் இண்டிகேட்டர் வைத்தால்தான் நீராவி உள்ளே போனதா என்று தெரியும்.

வெளியே எடுத்த பொதி ஈரமாக இருந்தால் அது சுத்தமில்லாத பொதி, மறுபடி ஓட்ட வேண்டும். சூடாக இருக்கும்போதே பிளாஸ்டிக் உறைக்குள் போட்டால் உள்ளே வியர்க்கும், முழுதாக ஆறட்டும். அலமாரி மூடியதாக, தரையில் இருந்து 25 செ.மீ. மேலே, வெளிச்சுவரை ஒட்டாமல் இருக்கட்டும். ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பார்கள். நம் பக்கம் ஏ.சி.யோ, ஈரத்தை இழுக்கிற டீஹ்யூமிடிஃபையரோ இல்லாமல் அது நடக்காது, ஈரப்பதம் காட்டுகிற ஒரு ஹைக்ரோமீட்டரை உள்ளேயே மாட்டிவையுங்கள்.

இனி, கருவிகளை வேறு இடத்துக்கு வண்டியில் கொண்டுபோவது பற்றி. சுத்தமான ட்ரேயும் பயன்படுத்திய ட்ரேயும் ஒரே பெட்டியில் போகக் கூடாது. மூடி இறுகும் கெட்டிப் பெட்டி வேண்டும், உள்ளே ட்ரே ஆடாதபடி சுத்தமான துணியால் இண்டு இடுக்கை அடையுங்கள். பின் சக்கரத்துக்கு மேலே குலுக்கல் அதிகம், நடு சீட்டுக்குக் கீழே வைத்துக் கட்டுங்கள். அதன்மேல் ஆக்ஸிஜன் சிலிண்டரோ வேறு சாமானோ ஏறக் கூடாது என்று டிரைவர் அண்ணனிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பயன்படுத்தியவை திரும்பி வரும்போது டிஸ்டில்ட் வாட்டரில் நனைத்த துணியால் மூடி, கசியாத பெட்டியில் வரட்டும். ஏ.சி. வண்டியில் குளிர்ந்து வந்த பெட்டியைப் புழுக்கத்தில் உடனே திறந்தால் கருவி மேலெல்லாம் நீர் கோக்கும், பொதியும் நனையும். மூடியபடியே அறைச் சூட்டுக்கு வரும்வரை விட்டுவிட்டுத் திறங்கள்.

போய்ச் சேர்ந்ததும் பொதி கிழிந்திருக்கிறதா, நனைந்திருக்கிறதா, கீழே விழுந்ததா என்று பாருங்கள், மூன்றில் எது நடந்திருந்தாலும் அந்த ட்ரே டேபிளுக்குப் போகாது. அதனால்தான் பயணத்துக்கு எப்போதும் ஒரு ட்ரே கூடுதலாக எடுத்துப் போகச் சொல்கிறேன்.