வழிகாட்டி நாயாகப் போகும் குட்டியை வளர்ப்பது எப்படி?

பார்வையற்றவரை வழிநடத்தும் வித்தையை நாய்க்குக் கற்றுத்தருவது பயிற்சியாளரின் வேலை. குட்டியை வீட்டில் வைத்து வளர்ப்பவரின் வேலை அதுவன்று. ஏறக்குறைய எட்டு வார வயதில் வழிகாட்டி நாய் அமைப்பிலிருந்து வீட்டுக்கு வரும் குட்டி, ஒரு வயதைக் கடந்து சில மாதங்கள் ஆகும்வரை நம்மிடம் இருக்கும். அதற்குள் அதை எளிதில் மிரளாத, மனிதரை முழுமையாக நம்புகிற, எங்கே இருக்கச் சொன்னாலும் அமைதியாக இருக்கிற நாயாக ஆக்கிவிட்டால் நம் பங்கை நிறைவாகச் செய்துவிட்டோம் என்று கொள்ளலாம்.

ஆகவே, அடிப்பதும் அதட்டுவதும் இந்த வளர்ப்பில் அறவே கூடாது. வழிகாட்டி நாய், தன்னை நம்பி நடப்பவர் "போ" என்று சொன்னாலும், எதிரே வண்டி வருவதைக் கண்டால் அசையாமல் நின்று அந்தக் கட்டளையை மறுக்க வேண்டும். கட்டளையை மீறினால் தண்டனை கிடைக்கும் என்று சிறுவயதிலேயே நடுங்கக் கற்றுக்கொண்ட நாய்க்கு அந்தத் துணிவு எப்படி வரும்? நல்லதைச் செய்யும்போது உடனே பாராட்டுங்கள், சிறு உணவுத் துண்டு கொடுங்கள்; வேண்டாததைச் செய்யும்போது அதன் கவனத்தை வேறு பக்கம் திருப்புங்கள். மேசைக்காலைக் கடிக்கும் குட்டியிடம் கடிக்கத் தகுந்த பொம்மையை நீட்டினாலே போதும்.

பிறந்த மூன்றாவது வாரத்திலிருந்து ஏறத்தாழ பதினான்காவது வாரம் வரையிலான காலத்தில் பார்த்தவற்றையும் கேட்டவற்றையும் நாய் இயல்பானவையாக ஏற்றுக்கொள்கிறது. கொட்டிலிலேயே இருந்தால் இந்தக் காலம் வீணாகிவிடும் என்பதால்தான் குட்டிகளை வீடுகளுக்கு அனுப்புகிறார்கள். அமெரிக்காவின் சீயிங் ஐ என்ற வழிகாட்டி நாய்ப் பள்ளி 1942-லும், பிரிட்டனின் வழிகாட்டி நாய் அமைப்பு 1956-லும் இந்த முறையைத் தொடங்கின. தடுப்பூசிகள் முடியும்வரை பிற நாய்கள் நடமாடும் தரையில் குட்டியை இறக்கிவிடக் கூடாது. அதற்காக வீட்டுக்குள்ளேயே அடைத்துவைக்கவும் வேண்டாம். கைகளில் ஏந்திக்கொண்டு பேருந்து நிறுத்தம், கடைவாசல், பள்ளி விடும் நேரத்துத் தெரு என்று தினமும் சிறிது நேரம் காட்டிவிட்டு வாருங்கள். குடை, தொப்பி, ஊன்றுகோல், சக்கர நாற்காலி ஆகியவற்றுடன் வரும் மனிதர்களையும் அது பார்க்கட்டும்.

பயம் வரும் தருணத்தில் நீங்கள் நடந்துகொள்ளும் விதம் மிக முக்கியமானது. நடைபாதையில் இரும்புக் கம்பிகளாலான சாக்கடை மூடி ஒன்று எதிர்ப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம்: குட்டி முன்னங்கால்களை ஊன்றி, உடலைப் பின்னுக்கு இழுத்து, வாலை ஒடுக்கி நிற்கிறது. அதை இழுக்காதீர்கள், தூக்கி அந்தப் பக்கம் வைக்கவும் செய்யாதீர்கள். வாரைத் தளர்த்திவிட்டு, குட்டியின் உடல் இளகும் தூரத்துக்கு நீங்களும் பின்வாங்கி, அதற்கு வேண்டிய நேரத்தைக் கொடுங்கள். அது தானாகவே கழுத்தை நீட்டி மோந்து பார்த்த கணத்தில் பாராட்டி உணவு கொடுங்கள். அன்றைக்கு மூடியின் மீது ஒரு பாதம் வைத்தாலே பெரிய வெற்றி, மறுநாள் தொடரலாம்.

மலசலம் கழிக்கும் பழக்கத்தில் சாதாரண வீட்டு நாய்க்கு இல்லாத ஒரு தேவை இதற்கு உண்டு. தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் ஒரே இடத்துக்கு வாரோடு அழைத்துச் சென்று, அது கழிக்கத் தொடங்கும்போது எப்போதும் ஒரே சொல்லை மெல்லச் சொல்லுங்கள். நாளடைவில் அந்தச் சொல்லைக் கேட்டதும் கழிக்கப் பழகிவிடும். பின்னாளில் அந்த நாயோடு வாழப்போகும் பார்வையற்றவர், இடத்தையும் நேரத்தையும் தானே தீர்மானித்துச் சுத்தம் செய்ய இப்பழக்கம் பேருதவியாக இருக்கும்.

சாப்பாட்டு மேசையிலிருந்து யாரும் ஒரு பருக்கைகூடக் கொடுக்கக் கூடாது; உணவகத்தில் தரையை மோந்தபடி இழுக்கும் நாயை நம்பி நடக்க இயலாது. நீங்கள் உட்கார்ந்திருக்கும்போது நாற்காலிக்கு அடியில் அது படுத்திருக்கப் பழக்குங்கள். இரண்டு நிமிடங்களில் தொடங்கிப் படிப்படியாக நேரத்தைக் கூட்டலாம். பந்தைத் துரத்தும் விளையாட்டைப் பல அமைப்புகள் அனுமதிப்பதில்லை, ஏனெனில் சாலையில் உருண்டோடும் எதையும் துரத்தும் எண்ணம் இந்த நாய்க்கு வரக் கூடாது. நடக்கும்போது இடப்பக்கத்தில், வார் தளர்ந்திருக்க, உங்களுக்குச் சற்று முன்னால் போனால் தவறில்லை. வழிகாட்டப்போகும் நாய் பின்தங்கி ஒட்டி நடப்பதைவிட அதுவே நல்லது. தெருவில் கொஞ்ச வருகிறவர்களிடம், குட்டி நான்கு கால்களும் தரையில் இருக்க நிற்கும்போது மட்டும் தொடலாம் என்று தயங்காமல் சொல்லிவிடுங்கள்.

வளரும் மூட்டுகள் மென்மையானவை. உயரத்திலிருந்து குதிக்கவும் நெடுந்தூரம் ஓடவும் விடாதீர்கள். எஸ்கலேட்டரில் பாதம் சிக்கிக் காயப்படலாம் என்பதால் லிப்ட்டையோ படிக்கட்டையோ பயன்படுத்துங்கள். காது, பல், பாதம், நகம் ஆகியவற்றைத் தினமும் தொட்டுப் பார்த்து வந்தால் மருத்துவரிடம் அது முரண்டு பிடிக்காது. ஆறு மாதத்துக்குப் பிறகு கற்றதையெல்லாம் மறந்ததுபோல் சில வாரங்கள் நடந்துகொள்ளலாம். பழைய பாடங்களைச் சலிக்காமல் மீண்டும் நடத்துங்கள்.

திருப்பி ஒப்படைக்கும் நாள் கடினமானது என்பதில் ஐயமில்லை, அழுகை வந்தால் அடக்க வேண்டியதும் இல்லை. அதற்கு முன்பாக, நாய் எதற்கு மிரளும், எந்த உணவு ஒத்துக்கொள்ளாது, எந்தச் சொல்லுக்கு எப்படி நடக்கும் என்பவற்றை மறைக்காமல் எழுதிக் கொடுங்கள். பயிற்சியில் தேறாத நாய்களும் கணிசமாக உண்டு. அப்படிப்பட்ட நாயை, வளர்த்தவரே வைத்துக்கொள்ள முடியுமா என்று பல அமைப்புகள் முதலில் கேட்கும். அதற்கான பதிலை வீட்டில் எல்லோருமாகக் கூடிப் பேசி முன்கூட்டியே முடிவு செய்து வைத்திருங்கள்.