பிளெண்டரில் ஒரு பாலைவனக் குன்று: தொடக்கநிலைச் செய்முறை

பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் முதன்முதலாகப் பாறை செய்பவர்கள் பெரும்பாலும் ஒரு கியூபை (கனசதுரத்தை) எடுத்து, அதன் மேல் நாய்ஸ் டெக்ஸ்சரை (ஒழுங்கற்ற வடிவக்கோலத்தை) போட்டுத் தள்ளுவார்கள். கிடைப்பது கசக்கிய காகிதம் போல இருக்கும். நிஜப் பாறை எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி தேய்வதில்லை. எந்த அடுக்கு கெட்டி, எந்த அடுக்கு இளகல் என்பதுதான் அதன் உருவத்தைத் தீர்மானிக்கிறது.

அதனால் முதலில் படங்களைப் பாருங்கள். அமெரிக்காவில் அரிசோனா, யூட்டா எல்லையில், நவாஹோ மக்களின் நிலத்தில் இருக்கிறது மானுமென்ட் வேலி. அங்குள்ள தனிக்குன்றுகளில் மூன்று பகுதிகள் பளிச்சென்று தெரியும். அடியில் ஆர்கன் ராக் எனப்படும் இளகிய களிப்பாறை, எளிதில் அரித்துச் சரிவாக இறங்கும். நடுவில் டி ஷே மணற்பாறை, செங்குத்தாகப் பிளந்து சுவராக நிற்கும். உச்சியில் மெல்லிய, கெட்டியான தொப்பி.

படி 1: உருவம்

இந்த மூன்றையும் மூன்று தனி ஆப்ஜெக்ட்டாகச் செய்யுங்கள். ஒரு யூனிட்டை 100 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். உயரமான குன்றுகள் சுமார் 300 மீட்டர் என்பதால் நமக்கு 3 யூனிட் போதும். அடிக்கு ஒரு கோன்: கீழ் ஆரம் 4, மேல் ஆரம் 1.8, உயரம் 1.5. சரிவு ஏறத்தாழ 34 டிகிரி வரும். உதிர்ந்த கல் இயல்பாகத் தங்கும் சாய்வும் அதுதான். அதன் மேல் சுவருக்கு ஒரு கியூப். எடிட் மோடில் கண்ட்ரோல்-ஆர் அழுத்தி நாலைந்து வெட்டுப் போட்டு, விளிம்புகளை உள்ளும் வெளியும் இழுத்துவிடுங்கள். தொப்பிக்கு இன்னொரு தட்டைக் கியூப். ஆப்ஜெக்ட் மோடுக்குத் திரும்பி, மூன்றுக்கும் கண்ட்ரோல்-ஏ அழுத்தி ஸ்கேலை அப்ளை செய்துவிட்டு, 0.02 அளவில் வாக்ஸல் ரீமெஷ் மாடிஃபையர் (பரப்பை நுண்ணிய, சமமான கட்டங்களாக மாற்றும் கருவி) போடுங்கள்.

படி 2: வெடிப்பும் அடுக்கும்

இங்கே அவசரப்பட வேண்டாம். சுவருக்கு டிஸ்பிளேஸ் மாடிஃபையர் (டெக்ஸ்சருக்கேற்பப் பரப்பை மேடுபள்ளமாக்கும் கருவி) சேர்த்து, செல் செல்லாகப் பிரிந்த வொரோனாய் டெக்ஸ்சரைக் கொடுங்கள். அப்படியே விட்டால் உருண்டை உருண்டையாகப் புடைக்கும். ஒரு எம்ப்டியை (படத்தில் தெரியாத துணை ஆப்ஜெக்ட்டை) சேர்த்து, மாடிஃபையரின் டெக்ஸ்சர் கோஆர்டினேட்ஸில் ஆப்ஜெக்ட் என்று மாற்றி அதைத் தேர்ந்தெடுங்கள். இப்போது எம்ப்டியை இசட் (மேல்-கீழ்) அச்சில் 5 மடங்கு நீட்டுங்கள். உருண்டைகள் மேலும் கீழுமாக இழுபட்டு, நெடுந்தூண்கள் போலப் பிளந்து நிற்கும். ஸ்ட்ரெங்த் 0.15-ல் தொடங்கிக் கண்ணுக்குச் சரியாகும் வரை மாற்றுங்கள்.

அடிச்சரிவுக்கு இதற்கு நேர்மாறு. கிளவுட்ஸ் டெக்ஸ்சர், இன்னொரு எம்ப்டி, அதை இசட்டில் 0.1 ஆக நசுக்குங்கள். கிடைமட்டப் படிகள் தெரியத் தொடங்கும்.

படி 3: நிறம்

சிவப்பு வருவது இரும்பு ஆக்சைடால். டெக்ஸ்சர் கோஆர்டினேட்டின் ஆப்ஜெக்ட், மேப்பிங், நாய்ஸ், கலர் ராம்ப் என்ற வரிசையில் மெட்டீரியலின் நோடுகளை (ஒன்றோடொன்று இணைக்கும் பெட்டிகளை) இணைத்து, செங்கல் நிறத்திலிருந்து வெளிர் ஆரஞ்சு வரை நாலு நிறம் வையுங்கள். கிடைப்பட்டைகள் வர மேப்பிங்கில் இசட் ஸ்கேலை 20 ஆக்குங்கள். இங்கே கணக்கு தலைகீழ்: எம்ப்டியைப் பெரிதாக்கினால் டெக்ஸ்சர் நீளும், மேப்பிங் எண்ணைப் பெரிதாக்கினால் நெருங்கும். பலரும் குழம்புவது இந்த இடத்தில்தான். ரஃப்னஸ் (பரப்பின் சொரசொரப்பு) 0.9. பிறகு சுவரில் மட்டும், மேலிருந்து கீழே வழியும் கருங்கோடுகளை லேசாகக் கலந்துவிடுங்கள். நிஜத்தில் அது மாங்கனீசும் இரும்பும் படிந்த கரும்பூச்சு. அது சேர்ந்த பிறகுதான் சுவருக்கு வயது தெரியும்.

படி 4: கற்கள், வெளிச்சம், கேமரா

சரிவில் கற்களைத் தூவும்போது பெரியவற்றை அடிவாரத்தில் போடுங்கள். கனமான கல்தான் அதிக தூரம் உருண்டு போகும்.

சன் விளக்கை அடிவானத்திலிருந்து 12 டிகிரி உயரத்தில், பக்கவாட்டில் வையுங்கள். உச்சிவெயிலில் நீங்கள் செதுக்கிய வெடிப்பெல்லாம் மறைந்துபோகும். ரெண்டருக்கு (இறுதிப் படத்தை உருவாக்க) சைக்கிள்ஸ் என்ற எஞ்சினைத் தேர்ந்தெடுங்கள்.

கேமராவை மனிதக் கண் உயரத்துக்கு இறக்குங்கள், நம் அளவில் 0.016. கேமராவுக்கு எவ்வளவு அருகிலிருந்து காட்சி தெரியத் தொடங்கும் என்பதைக் குறிக்கும் கிளிப் ஸ்டார்ட்டை 0.001 ஆகக் குறைக்காவிட்டால் காலடித் தரை வெட்டுப்பட்டுப் போகும். அப்புறம் அடிவாரத்தில் 0.03 உயரத்தில் ஒரு ஜூனிப்பர் செடி. மூன்று மீட்டர்ச் செடி அது. அதை வைத்துவிட்டு, ரெண்டர் செய்ய எஃப்12 அழுத்துங்கள்.