கம், கோ, பிரிங், டேக்: எங்கே எதைப் போடுவது?

'எடுத்துட்டு வா' என்று மனதில் ஓடும். 'எடு' என்றதுமே வாயில் டேக் வந்துவிடும், 'டேக் அண்ட் கம்' என்று சொல்லிவிடுவோம். புதிதாக ஆங்கிலம் பேசுகிறவர்களிடம் அடிக்கடி கேட்கிற பிழை இது. இதைச் சரிசெய்ய நம் வா, போ இரண்டுமே போதும்.

படி 1: போய்ச் சேரும் இடத்தைப் பாருங்கள்.
அங்கே நீங்களோ, உங்கள் பேச்சைக் கேட்பவரோ இருந்தால் கம். இருவருமே இல்லாத இடம் என்றால் கோ. அம்மா சாப்பிடக் கூப்பிட்டால் 'இதோ வரேன்' என்கிறோம். ஆங்கிலத்திலும் 'ஐ ஆம் கமிங்'தான். போனில் நண்பரிடம் 'நாளைக்கு உங்க வீட்டுக்கு வரேன்' என்பது 'ஐ வில் கம் டு யுவர் ஹவுஸ் டுமாரோ'. அதையே உங்கள் தம்பியிடம் சொல்லும்போது 'ஐ வில் கோ டு ஹிஸ் ஹவுஸ்'. கல்யாணத்துக்கு நீங்களும் போவதாக இருந்தால் 'ஆர் யூ கமிங் டு த வெட்டிங்?' என்று கேளுங்கள். நீங்கள் போகவில்லை என்றால் கோயிங். இதுவரை தமிழில் உங்களுக்குத் தோன்றுவதையே தைரியமாக நம்பலாம்.

படி 2: கூடவே பொருளோ ஆளோ இருந்தால்?
முன்னால் இருக்கும் 'எடுத்து', 'வாங்கி', 'கூட்டி' எதையும் பார்க்காதீர்கள். கடைசியில் 'வா' இருந்தால் பிரிங், 'போ' இருந்தால் டேக். 'குடை எடுத்துட்டுப் போ' என்றால் 'டேக் அன் அம்ப்ரெல்லா'. 'தங்கச்சியையும் கூட்டிட்டு வா' என்றால் 'பிரிங் யுவர் சிஸ்டர் டூ'. அமெரிக்கர்களில் சிலர் டேக் வர வேண்டிய இடத்திலும் பிரிங் சொல்வார்கள். அதைக் கேட்டுக் குழம்ப வேண்டாம், தொடங்கும்போது இந்த விதியையே பிடித்துக்கொள்ளுங்கள்.

ஓரிடத்துக்குப் போய் எடுத்துக்கொண்டு திரும்ப வரவேண்டும் என்றால் ஃபெட்ச். பேச்சில் 'கோ அண்ட் கெட்' போதும்.

படி 3: இறந்த காலம்.
கம் கேம் ஆகும், கோ வென்ட் ஆகும், டேக் டுக் ஆகும். கவனம் வேண்டியது பிரிங்கில்தான். அதன் இறந்த காலம் பிராட். பாட் என்பது 'வாங்கினேன்'. வீட்டிலிருந்து சாப்பாடு கொண்டுவந்ததைச் சொல்லும்போது அந்த 'ர' விழுங்கப்பட்டால், வாங்கியதாக அர்த்தம் மாறிவிடும். சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள்.

அப்புறம், கிளம்பும்போது 'போறேன்' என்று சொல்ல நமக்கு மனம் வராது. ஆனால் 'ஐ வில் கோ அண்ட் கம்' தமிழ் தெரியாதவர்களுக்குப் புரியாது. சீக்கிரம் திரும்புவதாக இருந்தால் 'ஐ வில் பி பேக்', இல்லையென்றால் 'சீ யூ'.

ஹோம் என்ற சொல்லுக்கு முன்னால் 'டு' போடாதீர்கள்: 'கோ ஹோம்', 'கம் ஹோம்'. ரீச்சுக்கும் 'டு' கிடையாது, 'ஐ ரீச்டு மதுரை' என்றாலே போதும்.